இருமனமும் இறைவன் அறிவும்

நெஞ்சைத் தன்னினின்று பிரித்து நிறுத்தி, அதனோடு பேசுவதும் பிணங்குவதும் தமிழர்க்குப் பழைய வழக்கு. திருக்குறளின் 125-ஆம் அதிகாரம் 'நெஞ்சொடு கிளத்தல்'. 130-ஆம் அதிகாரம் 'நெஞ்சொடு புலத்தல்'. காதலருடைய நெஞ்சு காதலர் பக்கமே நிற்கிறது. தன் நெஞ்சு மட்டும் தன் பக்கம் நில்லாமல் அவரிடம் ஓடுவது ஏன் என்று தலைவி வினவுகிறாள். தன் நெஞ்சே தனக்குத் துணையாகாத நிலையை இத்துணை நயமாக எடுத்துரைத்த நூல்கள் சிலவே. அறத்துப்பாலிலும் இதே நுண்மை உண்டு. பொய்யொழுக்கம் உடையவனை ஊரார் அறியாவிடினும், அவன் உடம்பில் கலந்த ஐம்பூதங்களும் உள்ளே இருந்து நகும் என்றும், அறிந்து பொய்த்தவனை அவன் நெஞ்சே சுடும் என்றும் வள்ளுவர் உரைப்பார்.

ஆகவே, மனிதன் தனக்குள் பிளவுபட்டவன் என்பதும், அவனுடைய மறைவான எண்ணத்துக்கும் ஒரு சாட்சி உண்டு என்பதும் தமிழ் படித்தவர்க்குப் புதிய செய்திகள் அல்ல. இவ்விரண்டையும் கிறித்துவ நூல்கள் எவ்வாறு இணைக்கின்றன என்பதே ஆராயத்தக்கது. பலர் இவற்றை இரண்டு தனித்தனிக் கொள்கைகளாகக் கொள்கின்றனர்: மனிதன் உள்ளே கெட்டவன், இறைவன் அதனை மேலிருந்து கண்காணிப்பவர். இவ்வாறு கொண்டால் சமயம் வெறும் அச்சமாகிவிடும். விவிலியத்தின் கருத்தோ வேறு. பிளவுபட்டவன் தன்னைத் தானே முழுதும் அறிய இயலாதவன். ஆதலின் தன்னை முழுதும் அறிந்த ஒருவர் இருப்பது அவனுக்கு அச்சுறுத்தல் அன்று, அடைக்கலம். இதனை விளங்கிக்கொள்ளத் தமிழ் விவிலியத்தின் சொற்களே நல்ல வழிகாட்டிகள்.

சொற்கள் காட்டும் பொருள்

சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பின்னர் பப்ரிசியுசு முதலிய பலர் கைகளில் திருந்தி, ஹென்றி பவர் தலைமையில் அமைந்த குழுவினரின் பதிப்பாக 1871-இல் முழு விவிலியம் வெளிவந்தது. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகள் நெடுங்காலமாகப் படித்துவரும் விவிலியம் இந்த வழியில் வந்ததே. ரப்பர்த் தோட்டங்களில் உழைக்கக் கெடாவுக்கு வந்த தமிழ்க் கிறித்துவர் பலரின் பெட்டிகளிலும் இம்மரபின் நூலே இருந்தது. பெண்டாங், பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் தமிழ் வழிபாட்டில் அமர்ந்தவர்கள் கீழ்வரும் சொற்களைக் கேட்டே வளர்ந்திருப்பர்.

முதற்சொல் 'இருமனம்'. யாக்கோபின் நிருபத்தில் இரண்டு இடங்களில் இது வருகிறது. புதிய ஏற்பாட்டின் வேறு எந்நூலிலும் இதன் கிரேக்க மூலச்சொல் இல்லை. 'டிப்சுகோஸ்' என்னும் அம்மூலத்துக்கு 'இரண்டு உயிர் உடையவன்' என்பது நேர்ப்பொருள். வேண்டுதல் செய்யும்போதே ஐயுறுபவன் காற்றால் அலைக்கப்படும் கடல்திரை போன்றவன் என்று யாக்கோபு விளக்குகிறார். இவன் கயவன் அல்லன். வேண்டவும் செய்கிறான், வேண்டியது கிட்டாது என்றும் எண்ணுகிறான். இவனுடைய இரண்டு எண்ணங்களும் மெய்யானவை.

இரண்டாவது சொல் 'மாயக்காரர்'. இதன் கிரேக்க மூலம் நாடக மேடையில் நடிப்பவனைக் குறித்தது. தெருமுனையில் பலர் காண நின்று இறைஞ்சுவோரையும், உதவி செய்யும்போது தாரை ஊதுவிப்போரையும் இயேசு இச்சொல்லால் கடிந்தார் என மத்தேயு எழுதுகிறார். இருமனத்தானுக்கும் மாயக்காரனுக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. முன்னவன் உள்ளத்துக்குள் பிளவுபட்டவன். பின்னவன் உள்ளத்துக்கும் முகத்துக்கும் இடையே திரையிட்டவன். எனினும் முதல்நிலை இரண்டாம் நிலைக்கு வாயிலாகலாம். தன் பிளவைக் காண நாணுபவன் அதனை மூடத் தொடங்குவான்; மூடி மூடிப் பழகியபின் மூடியிருப்பதையே மறந்துவிடுவான்.

மூன்றாவது சொல் 'உள்ளிந்திரியம்'. சங்கீதங்களிலும் எரேமியா நூலிலும் இறைவன் இருதயத்தோடு உள்ளிந்திரியங்களையும் சோதிப்பவர் என்று வருகிறது. எபிரேய மூலத்தில் உள்ள சொல் சிறுநீரகங்களைக் குறிப்பது. உடலின் ஆழத்தில், கொழுப்பால் மூடப்பட்டு மறைந்திருக்கும் அவ்வுறுப்பு, எளிதில் வெளிப்படாத உணர்ச்சிகளின் இருப்பிடமாக எபிரேயரால் கருதப்பட்டது. அதனை அப்படியே பெயர்த்திருந்தால் தமிழில் நகைப்புக்கு இடமாகியிருக்கும். வெறுமனே 'மனம்' என்றிருந்தால் ஆழம் குறைந்திருக்கும். 'உள்ளிந்திரியம்' என்ற சொல் இரண்டு குறைகளினின்றும் தப்பியது.

நான்காவது 'மனச்சாட்சி'. கிரேக்கச் சொல் 'உடன் அறிதல்' என்னும் பொருளது. செய்பவனோடு உடன் நின்று அறியும் ஒன்று உள்ளே இருக்கிறது என்பது கருத்து. தமிழ்ச் சொல் அதனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி நிறுத்துகிறது. நெஞ்சு சுடும் என்ற குறட்கருத்துக்கு மிக நெருங்கிய கிறித்துவச் சொல் இதுவே.

பிளவின் தன்மை

உள்ளப் பிளவைப் பற்றிய கிறித்துவ எழுத்துகளுள் தலையாயது பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 7-ஆம் அதிகாரம். விரும்பும் நன்மையைச் செய்யாமல், வெறுக்கும் தீமையையே செய்கிற தம் நிலையை அவர் அங்கே விவரிக்கிறார். உள்ளான மனிதன் இறைவனின் கட்டளையில் மகிழ்கிறான். உறுப்புகளிலோ வேறொரு விதி அதனோடு போர் புரிகிறது. இறுதியில் அப்பகுதி, தம்மை விடுவிப்பவர் யார் என்ற புலம்பலாக முடிகிறது. இங்குப் பேசப்படுபவர் கிறித்துவை அறியுமுன் இருந்த மனிதரா, அறிந்தபின் வாழும் மனிதரா என்பதில் உரையாசிரியர்கள் இன்றும் ஒருமனப்படவில்லை. அகஸ்தீனே முதலில் முன்னதைக் கொண்டு, பிற்காலத்தில் அடியாருக்கும் இது பொருந்தும் என்று கருத்தை மாற்றினார். மார்ட்டின் லுத்தர் அப்பிந்திய கருத்தைப் பின்பற்றி, விசுவாசி ஒரே வேளையில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்று கற்பித்தார்.

அகஸ்தீனுடைய வாழ்க்கையே இப்பிளவுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வட ஆப்பிரிக்காவில் 354-இல் பிறந்த அவர், இளமையில் மானிகேயர் என்னும் குழுவைச் சார்ந்திருந்தார். ஒளி, இருள் என்ற இரண்டு ஆதிப்பொருள்கள் உள என்பதும், அவற்றின் போர்க்களமே மனிதன் என்பதும் அவர்கள் கொள்கை. இதில் ஒரு வசதி இருந்தது. தவறு செய்தது 'நான்' அன்று, எனக்குள் இருக்கும் இருள் என்று கூறித் தப்பலாம். பின்னர் 386-இல் மிலான் நகரில் மனமாற்றம் பெறும் தறுவாயில், தூய வாழ்வை விரும்பியும் அதனை ஒத்திப்போட விரும்பியும் அவர் தவித்தார். ஏறத்தாழ 397-க்கும் 400-க்கும் இடையில் எழுதிய 'அறிக்கைகள்' என்னும் நூலின் 8-ஆம் பகுதியில் அத்தவிப்பை விவரிக்கையில், மானிகேயரின் விடையை அவர் மறுக்கிறார். விரும்பியதும் தாம், விரும்பாததும் தாம். இரண்டு இயல்புகள் இல்லை, முழுமையாக ஒன்றை விரும்ப இயலாத ஒரே உள்ளம்தான் இருந்தது என்கிறார்.

இது நுண்ணிய கருத்தாயினும் இதன் பயன் பெரிது. கிறித்துவத்தில் உள்ளப்பிளவு என்பது நல்லுயிர் ஒன்றும் தீயுயிர் ஒன்றும் ஓருடலில் குடியிருப்பதன்று. ஒருவனே இரண்டு பக்கமும் சாய்கிறான். ஆதலின் பொறுப்பும் அவனுடையதே. குணமடைய வேண்டியவனும் அவனே. தனக்குள் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மறுபகுதி மட்டும் மீட்சி பெறுவதில்லை. 86-ஆம் சங்கீதத்தில் பாடுபவர் வேண்டுவதும் இதுவே: தம் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்படி இறைவனைக் கேட்கிறார்.

மறைந்ததை அறிதல்

இனி, இறைவனின் அறிவு. சாமுவேல் என்னும் தீர்க்கதரிசி ஈசாயின் மக்களுள் அரசனைத் தேர்ந்தெடுக்க வந்தபோது, மூத்தவனுடைய உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு இவனே என எண்ணினார். மனிதன் முகத்தைக் காண்கிறான், இறைவன் இருதயத்தைக் காண்கிறார் என்று அவருக்கு உணர்த்தப்பட்டது. ஆட்டுமந்தையின் பின் சென்றிருந்த இளையவன் தாவீதே தேர்ந்தெடுக்கப்பட்டான். எரேமியா இன்னும் ஒருபடி சென்று, இருதயம் எல்லாவற்றிலும் வஞ்சகமானது, அதனை அறியத்தக்கவர் யார் என்று வினவி, இறைவனே அதனை ஆராய்பவர் என்று விடை தருகிறார். இருதயம் பிறரை மட்டுமன்று, தன்னையே உடையவனையும் ஏமாற்றும் என்பது இவ்வினாவின் உட்பொருள்.

எபிரேயர் நிருபத்தின் 4-ஆம் அதிகாரம் இறைவனின் வார்த்தையை இருபுறமும் கூரிய வாளுக்கு ஒப்பிடுகிறது. கணுவும் ஊனும் பிரியும் இடம்வரை பாயும் அவ்வாள், இருதயத்தின் நினைவுகளை 'வகையறுக்கிறது' என்பது தமிழ் விவிலியத்தின் சொல்லாட்சி. மூலச்சொல் நீதி தெளிந்து தீர்மானிக்கும் ஆற்றலைக் குறிப்பது. வகையறுத்தல் என்பதோ கலந்து கிடப்பவற்றை இனம் பிரித்தல். வெட்டுவது அழிப்பதற்கன்று, பிரித்து அறிவதற்கு என்ற குறிப்பை இத்தமிழ்ச் சொல் நன்கு தாங்கி நிற்கிறது.

கெடாவின் தோட்டப்புற மக்களுக்குப் பழகிய ஒன்றால் இதனை விளக்கலாம். பால்மரம் வெட்டுவோர் வாளியில் கொணர்ந்த பாலை முன்னாளில் நிறுத்ததோடு விடவில்லை. 'மெட்ரோலாக்' என்னும் மிதவைக் கருவியை அதில் இட்டு, ரப்பரின் அளவையும் கணித்தனர். ரப்பர் தண்ணீரினும் இலேசானது. எனவே செறிந்த பாலில் கருவி ஆழ்ந்து அமிழும். தண்ணீர் கலந்த பாலில் உயர்ந்து மிதக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெண்மை. கருவிக்கோ வேறுபாடு தெரியும். இருதயங்களை இறைவன் நிறுத்துப் பார்க்கிறார் என்னும் நீதிமொழிகளின் கருத்துக்கு இஃது ஏற்ற உவமை.

எனினும் உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. பாலில் தண்ணீர் உண்டு என்று கருவி காட்டும். அது மங்கில் விழுந்த மழைநீரா, கையால் ஊற்றிய நீரா என்று காட்டாது. கிராணியார் கணக்கில் இரண்டுக்கும் ஒரே அளவு. செயலை அளப்பது எளிது, செயலின் காரணத்தை அளப்பது அரிது. விவிலியம் கூறும் இறையறிவு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. குறைபாடு உண்டு என்பதோடு அது நிற்பதில்லை. அக்குறை எங்கிருந்து வந்தது, எந்த மழையில் நனைந்தது என்பதையும் அறியும்.

அச்சமா, அடைக்கலமா?

மறைவான அனைத்தும் ஒருவருக்கு வெளியரங்கம் என்று கேட்டதும் முதலில் எழுவது அச்சமே. விவிலியமும் அதனை மறைக்கவில்லை. ஆதியாகமத்தில், விலக்கப்பட்ட கனியை உண்ட ஆதாம் மரங்களிடையே ஒளிந்தான். 139-ஆம் சங்கீதத்திலும், இறைவனின் முகத்தினின்று எங்கே ஓடலாம் என்ற வினா வருகிறது: வானத்திலும் அவர், பாதாளத்திலும் அவர், கடலின் கடைக்கோடியிலும் அவர்.

ஆனால் அச்சங்கீதம் எவ்வாறு முடிகிறது என்பதை நோக்கவேண்டும். இறைவன் தம்மை ஆராய்ந்து அறிந்திருக்கிறார் என்ற செய்தியோடு அது தொடங்குகிறது. தம்மை ஆராய்ந்து அறியும்படி கேட்கும் வேண்டுதலோடு முடிகிறது. தொடக்கத்தில் தப்ப இயலாத உண்மையாக இருந்தது, இறுதியில் விரும்பிக் கேட்கும் உதவியாகிவிட்டது. அவ்வேண்டுதல் எழும் இடமும் கருதத்தக்கது. அதற்குச் சற்று முன்னர்ப் பாடுபவர் பகைவர்மேல் தம் வெறுப்பைக் கொட்டித் தீர்க்கிறார். அந்த வெறுப்பு உண்மையில் நீதியுணர்வா, அல்லது வேறொன்றா? அதனைத் தாமே தீர்க்க இயலாதவர்போல், அடுத்த மூச்சிலேயே தம் சிந்தனைகளைச் சோதிக்கும்படி கேட்கிறார்.

எபிரேயர் நிருபத்திலும் இதே நெறி. அனைத்தும் வெளியரங்கம் என்று கூறிய உடனே, மனிதரின் பலவீனங்களைக் கண்டு பரிதபிக்கக்கூடிய ஆசாரியர் ஒருவர் உளர்; ஆதலின் தைரியமாக அணுகலாம் என்று அது தொடர்கிறது. வாளைப் பற்றிய வசனத்தை மட்டும் எடுத்துப் பேசி, அடுத்த வசனத்தை விட்டுவிடுவோர் நூலாசிரியரின் கருத்தில் பாதியையே கூறுபவராவர். பவுலும் அவ்வாறே, 7-ஆம் அதிகாரத்தின் புலம்பலை அடுத்து, 8-ஆம் அதிகாரம் ஆக்கினைத் தீர்ப்பு இல்லை என்ற அறிவிப்போடு தொடங்குகிறது.

யோவானின் முதல் நிருபம் இக்கருத்தை மிகத் தெளிவாக நிறுவுகிறது. இருதயமே குற்றஞ்சாட்டினாலும், இறைவன் அவ்விருதயத்தினும் பெரியவர், அனைத்தையும் அறிந்தவர் என்கிறது அதன் 3-ஆம் அதிகாரம். இவ்விடத்தை இன்னும் கடுமையான எச்சரிக்கையாகக் கொண்ட உரையாளரும் உளர். ஆயினும் சூழ்ந்த வரிகள் உள்ளத்தைத் தேற்றுவதைப் பற்றியே பேசுவதால், ஆறுதலாகக் கொள்வதே பொருந்தும். மனச்சாட்சி நல்ல சாட்சிதான். ஆனால் அது நீதிபதி அன்று. சில வேளை அது குற்றவாளியை விட்டுவிடும். சில வேளை குற்றமற்றவரை வாட்டும். அதற்கு மேலும் ஒரு நீதிமன்றம் உண்டு என்பதே யோவானின் செய்தி.

பேதுருவின் வரலாறு இதற்கு உயிருள்ள சான்று. கத்தோலிக்கரின் பழைய வழக்கில் இவர் இராயப்பர். ஆண்டவருக்காக உயிரையும் தருவேன் என்றவர், அன்றிரவே அவரை அறியேன் என்று மும்முறை மறுத்தார். இரண்டு பேச்சும் ஒரே வாயினின்று வந்தவை. பின்னர்க் கடற்கரையில், நீ என்னை நேசிக்கிறாயா என்று இயேசு மும்முறை வினவுகிறார். பேதுரு தம் செயலைச் சான்றாகக் காட்ட இயலாது. அது அவருக்கு எதிராகவே பேசும். வாக்குறுதியும் தர இயலாது. முன்பு தந்த வாக்குறுதியின் மதிப்பு யாவரும் அறிந்தது. மூன்றாம் முறை மனம் வருந்தி, நீர் அனைத்தையும் அறிந்தவர், என் நேசத்தையும் அறிவீர் என்ற கருத்தில் விடையிறுத்தார். மறுத்தவருக்கு எஞ்சியிருந்த ஒரே சான்று, தம்மை முழுதும் அறிந்தவரின் அறிவே. அந்த அறிவு குற்றத்தை மட்டும் காணும் கண்ணாக இருந்திருந்தால் அவர் அதனை நாடியிருக்கமாட்டார்.

அறிந்தவரிடம் அறிவிப்பது ஏன்?

இங்கு ஓர் ஐயம் எழும். எல்லாம் அறிந்தவரிடம் குற்றத்தை அறிக்கையிடுவதால் என்ன பயன்? அகஸ்தீன் இதே வினாவைத் தம் நூலின் 10-ஆம் பகுதியில் எழுப்புகிறார். அறிக்கையிட மறுத்தால், இறைவனிடமிருந்து தம்மை மறைக்க இயலாது. தம்மிடமிருந்து இறைவனை மறைத்துக்கொள்வதே நிகழும் என்பது அவர் விடையின் சாரம். அறிக்கை என்பது செய்தி தெரிவித்தல் அன்று. பிளவின் நடுவே எழுப்பிய சுவரை இடித்தல்.

சபைகளின் வழிபாட்டு முறையும் இதற்கு இசைந்தே அமைந்தது. கத்தோலிக்க சபை, 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கத்தில், அறிவுப் பருவம் எய்தியோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருவிடம் பாவ அறிக்கை செய்யவேண்டும் என விதித்தது. ஆங்கிலிக்கன் சபையின் 1549-ஆம் ஆண்டுச் செபப்புத்தகம், நற்கருணை வழிபாட்டின் தொடக்கத்திலேயே ஒரு மன்றாட்டை வைத்தது. இலத்தீன் வழிபாட்டினின்று வந்த அம்மன்றாட்டு, இரகசியம் எதுவும் மறையாதவர் என்று இறைவனை விளித்து, உடனே உள்ளத்து எண்ணங்களைத் தூய்மைப்படுத்தும்படி கேட்கிறது. அறிபவர் என்பதால்தான் தூய்மை செய்பவராகவும் இருக்க முடியும். நோயை அறியாத மருத்துவரால் பயனில்லை.

தமிழ்க் காப்பியத்தில்

இக்கருத்தைத் தமிழ்ச் செய்யுளில் விரிவாகக் காண விரும்புவோர்க்கு எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' உண்டு. பாளையங்கோட்டையை அடுத்த கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த அவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858-இல் திருமுழுக்குப் பெற்றார். 1894-இல் வெளிவந்த அவருடைய காப்பியம், ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவியது. கம்பனில் தோய்ந்த நடை காரணமாக அவரைக் 'கிறித்துவக் கம்பர்' என்பர்.

பனியனின் உத்தி, மனநிலைகளை மாந்தராக்குவது. பயணியோடு ஆர்வமாகப் புறப்பட்டு முதல் சேற்றிலேயே திரும்பிவிடும் அண்டை வீட்டுக்காரன், இருபுறமும் பார்க்கும் முகத்தை உடையவன், இரட்டை நாக்கன் முதலியோர் வெளியே திரியும் மனிதர்போல் தோன்றினும், பயணியின் உள்ளத்திலேயே குடியிருப்பவர்கள். நெஞ்சைத் தனியே நிறுத்திப் பேசும் மரபில் பழகிய தமிழர்க்கு இவ்வுத்தி எளிதில் பிடிபடுவது. மற்றோர் இடத்தில், பயணியும் தோழனும் அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் சிறைப்பட்டு நலிகின்றனர். பிறகே, அக்கோட்டையின் பூட்டுகளையெல்லாம் திறக்கும் வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பது பயணிக்கு நினைவு வருகிறது. தன்னுள் இருக்கும் தீமையை மட்டுமன்று, தன்னிடம் உள்ள நன்மையையும் மனிதன் அறியாதிருக்கிறான் என்பதற்கு இதனினும் சிறந்த காட்சி வேண்டியதில்லை.

கற்பிப்போர் கருதவேண்டியது

இவ்வாராய்ச்சியின் பயன் வகுப்பறையில் தெரியவேண்டும். எச்சமயத்தவராயினும், குழந்தை குறும்பு செய்தால், சாமி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பெரியோர் சொல்வது உண்டு. ஞாயிற்றுப் பள்ளியிலும் இது கேட்கும். சொல் உண்மைதான்; சொல்லும் முறையிலேதான் வேறுபாடு. தண்டிக்கக் காத்திருக்கும் கண் ஒன்று மேலே உண்டு என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, மண்டோர் வரும்போது மட்டும் விரைந்து வேலை செய்பவனைப்போல் ஆகிவிடும். வெளியே ஒழுங்கும் உள்ளே வேறொன்றுமாகப் பழகும். இருமனத்தைத் தீர்க்கவேண்டிய போதனையே மாயக்காரரை உருவாக்கிவிடும்.

அதே உண்மையை வேறு வகையாகவும் சொல்லலாம். நீ தடுமாறுவது அவருக்குத் தெரியும்; ஏன் தடுமாறினாய் என்பதும் தெரியும்; நல்லவனாக இருக்க நீ எடுத்த முயற்சி ஒருவர் கண்ணிலும் படாமல் போனாலும் அதுவும் தெரியும்; ஆகையால் அவரிடம் நடிக்கவேண்டியதில்லை என்று சொல்லலாம். பொய் சொன்ன மாணவனைப் பலர் முன் நிறுத்தி உண்மையைப் பறிப்பதற்கும், தனியே அழைத்து அவனே சொல்லும்வரை பொறுத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் அறிவர். முன்னதில் உண்மை வெளிவரும். பின்னதில் உண்மையோடு மாணவனும் வெளிவருவான். பேதுருவிடம் கடற்கரையில் கேட்கப்பட்ட வினாக்கள் இந்தப் பின்னைய முறையைச் சேர்ந்தவை.